மூன்றாவது வரி

மூத்திரக் குழாயை எடுத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அன்று காலையில்தான் பாரிரா தண்ணீரைத் துப்பினாள்.

தெலூ அதைப் பார்த்துவிட்டாள். வார்டில் தண்ணீர் கொடுப்பது அவள் வேலை. ஒரு வாளி, ஒரு பிளாஸ்டிக் குவளை. விடிந்ததும் கட்டில் கட்டிலாகப் போவாள். குவளையை நீட்டுவாள். கடைசி மடக்கு தொண்டையில் இறங்கும்வரை எதிரிலேயே நிற்பாள். பிறகுதான் அடுத்த கட்டில். இருபத்திரண்டு கட்டில், நாளைக்கு ஐந்து சுற்று. நின்று பார்க்காவிட்டால் ஒருத்தியும் குடிக்க மாட்டாள்.

இங்கே வந்து சேர்கிற எல்லோருக்கும் அந்தப் புத்தி உண்டு. குடிக்காவிட்டால் ஒழுகாது. பிள்ளை இரண்டு நாள் மூன்று நாள் வழியில் மாட்டிக்கொண்டு, செத்துப் பிறந்து, அது அழுத்திய இடத்தில் சதை அழுகி ஓட்டை விழுந்து, அன்றிலிருந்து மூத்திரம் நிற்காமல் வழிகிற பெண்கள். வேறு வழி தெரியாமல் தொண்டையைக் காயப்போட்டுப் பார்த்தார்கள். ஒழுகுவது நிற்கவில்லை. கெட்டிப்பட்டது. தொடை வெந்தது. நாற்றம் இரண்டு மடங்கானது. சிலருக்கு மூத்திரப் பையில் கல்லே விளைந்திருந்தது. தெலூவும் ஒன்பது வருடம் அப்படித்தான் இருந்தாள். நான்கு முறை அறுத்துத் தைத்தபிறகு நின்றது. நின்றபின் போக இடமில்லாமல் இங்கேயே வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம்.

வார்டில் இரண்டே வகைப் பெண்கள். நனைந்தவர்கள், காய்ந்தவர்கள். பாரிரா பத்தொன்பது நாளாகக் காய்ந்தவள். காய்ந்தவளுக்குத் தண்ணீரைக் கண்டு பயமில்லை. நேற்றுக் காலைவரை இரண்டாவது குவளையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

இன்று வாயில் வாங்கியதை விழுங்காமல் வைத்திருந்தாள். தெலூ வாளியைத் தூக்கக் குனிந்ததும் கட்டிலுக்கடியில் இருந்த டப்பாவில் துப்பினாள். தெலூ நிமிர்ந்தாள். பாரிரா சிரித்தாள். கட்டிலைச் சுற்றிச் சாம்பிராணிப் புகை. காலை ஏழு மணிக்கு யாரும் புகை போடுவதில்லை.

புகைக்கு அடியில் அது இருந்தது. தெலூவின் மூக்குக்கு அது தப்பாது. குழாயோடு தொங்கும் பையில் தேங்குகிற மூத்திரத்துக்கு ஒரு வாடை. துணியில் ஊறிக் காய்ந்து மறுபடி ஊறுகிற மூத்திரத்துக்கு வேறு வாடை.

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மீதிக் கட்டில்களில் யார் குடித்தார்கள், யார் துப்பினார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு விழா. குணமாகி வீட்டுக்குப் போகிற ஆறு பெண்களுக்குப் புதுத்துணியும் ஆளுக்கு இரண்டு ஆடும் கொடுத்து அனுப்புகிற விழா. ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கிற அமைப்பிலிருந்து ஆட்கள் தலைநகரத்திலிருந்து இரண்டு வெள்ளை வண்டிகளில் வந்து முந்தின இரவே விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார்கள். ஆறு பேரில் பாரிராதான் முக்கியம். நான்கு மாதம் முன்பு அவள் வந்து இறங்கியபோது ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்கள். மணலில் உட்கார்ந்திருக்கிறாள், கிழிந்த துணி, காலைச் சுற்றி ஈ. இன்று புதுத்துணியில் இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்களாம். இந்தத் தடவை புருஷனோடு சேர்ந்து நிற்கிற படம்.

புருஷனை வரவழைத்தது லவாலி. மையத்தின் சமூகப் பணியாளர். படித்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாலம். ஊர் ஊராக மோட்டார்பைக்கில் போய், ஒழுகுகிற பெண்கள் எந்தக் குடிசைக்குப் பின்னால் கிடக்கிறார்கள் என்று தேடிப்பிடித்துக் கொண்டுவருவார். குணமானதும் புருஷனுக்கு போன் போடுவார். அப்பனுக்கு போன் போடுவார். தெலூவையும் அவர்தான் கொண்டுவந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவரை வெறுக்க அவளுக்கு இதுவரை காரணம் இருந்ததில்லை.

பாரிராவின் புருஷன் சனூசி நேற்று முற்பகலில் வந்தான். வாடகை மோட்டார்பைக்கில். பச்சை நூல் வேலை செய்த குல்லாய், இலையில் சுற்றிய கோலாக் கொட்டை, இரண்டு சர்க்கரைப் பொட்டலம், ஒரு துணி. வார்டே வாசலில் கூடிவிட்டது. தெலூ வேலைக்குச் சேர்ந்த நாலு வருடத்தில் புருஷன் தேடிவந்தது இது மூன்றாவது தடவை. தலாத்து குலவை போட்டாள். ஐந்தாவது ஆபரேஷனுக்குக் காத்திருப்பவள் அவள். ரப்பர் ஷீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் எங்கும் போவாள், எங்கும் உட்காருவாள்.

"என் வீட்டுக்காரன் வந்தா முதல்ல டெட்டால்ல முக்கி எடுப்பேன்," என்றாள். "அப்புறந்தான் உள்ள விடுவேன். நம்மள நாறுதுன்னு சொன்னவன் எங்கெல்லாம் படுத்துட்டு வந்தானோ."

எல்லோரும் சிரித்தார்கள். தெலூவும் சிரித்தாள்.

சனூசி மூன்று வருடம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். சுத்தமாக நின்றுவிட்டதா என்று. அவள் தலையாட்டினாள். பிறகு லவாலியிடம் ஆடுகளைப் பற்றிக் கேட்டான். இரண்டும் பெட்டைதானா, சினை பிடித்திருக்கிறதா. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

பாரிராவுக்கு வலி கண்டபோது அவளுக்குப் பதினைந்து வயது. தலைப்பிரசவம், கத்தக் கூடாது, கத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகப் புருஷன் சம்மதம் வேண்டும். அவன் எல்லை தாண்டிக் கானோவில் டீ விற்றுக்கொண்டிருந்தான், போனை எடுக்கவில்லை. மாமியார் மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் திரும்பி வந்தபோது பிள்ளையைப் புதைத்தாயிற்று, வீடு நாறிக்கொண்டிருந்தது. பாயோடு சேர்த்து அவளை அப்பன் வீட்டுக்கு அனுப்பினான். அப்பன் அவளைக் கம்புக் குதிருக்குப் பின்னால் வைத்தான். சனூசி வேறு ஒருத்தியைக் கட்டினான்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு காகிதம் கொடுப்பார்கள். பிரெஞ்சில் நான்கு வரி. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது, உலக்கை பிடிக்கக் கூடாது. ஆறு மாதம் புருஷன் கூடப் படுக்கக் கூடாது. அடுத்த பிரசவத்துக்கு வலி வரும் முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். கூட்டிப்போக வருகிறவர்களுக்குப் படிக்கத் தெரியாது. லவாலி ஹௌசாவில் சொல்லி, பெருவிரல் ரேகை வாங்கிக்கொள்வார்.

நேற்றும் சொன்னார். வேப்பமரத்தடியில், சனூசிக்கும் பாரிராவின் அப்பா கதோவுக்கும். தெலூ டீத் தட்டோடு நின்றிருந்தாள். தண்ணீரைப் பற்றிச் சொன்னார். உலக்கையைப் பற்றிச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தினார். காகிதத்தின் மேல் விரல் ஒரு வரி கீழே இறங்கியது. அடுத்த பிரசவத்தைப் பற்றிச் சொன்னார்.

மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமனார் எதிரில் மருமகன் வாய் திறந்து சாப்பிடக்கூட மாட்டான். அவர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை எடுக்கிறவன் இந்தப் பக்கத்தில் பிறந்திருக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார் என்று தெலூ நினைத்தாள். தட்டை வைத்துவிட்டு வந்தாள்.

அவர் தனியாகக் கூப்பிடவில்லை.

மத்தியானத் தொழுகை முடிந்து வெயில் ஏறியதும் தலாத்துவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, துணைக்கு வருகிறவர்கள் தங்குகிற குடிசையைப் பெருக்கினார்கள். பாய் விரித்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். பாரிராவின் உள்ளங்காலுக்கு மருதாணி வைத்திருந்தது. அவளைக் கூழ்ச் சட்டியோடு உள்ளே அனுப்பித் திரையை இறக்கிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். பெண்பிள்ளைகள் கல்யாண வீட்டில் செய்கிற மாதிரி.

தெலூவுக்கு அது பிறகுதான் தெரிந்தது. சனூசி கை கால் கழுவக் கெண்டியில் தண்ணீர் கொண்டுபோனாள். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. அவனுடைய தோல் செருப்பு, அவளுடைய ரப்பர் செருப்பு. உள்ளே பாய் அசைகிற சத்தம்.

ஒரு கனைப்பு போதும். மாலம் கூப்பிடுகிறார் என்று ஒரு பொய் போதும்.

தெலூவின் இரண்டாவது ஆபரேஷன் அப்படித்தான் போனது. நாற்பதாம் நாள் புருஷன் வந்து அழைத்துக்கொண்டு போனான். அவனுக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. எட்டாம் நாள் பாய் நனைந்தது. அவன் எழுந்து சுவரோரம் போய்க் காறித் துப்பிவிட்டு வந்து, பாயைக் காலால் ஓரமாகத் தள்ளினான். இது அத்தனையும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கெண்டியோடு நின்றாள். புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே இருக்கிற திரைக்கு வெளியில் நின்று தொண்டையைக் கனைக்கிற பெண்ணை என்ன சொல்வார்கள் என்பதுதான் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது. காது எரிந்தது. கெண்டியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, சலவைத் தொட்டிக்குப் போய், ஏற்கெனவே துவைத்த ஷீட்டுகளை மறுபடி துவைத்தாள்.

பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்று காலை தண்ணீர்ச் சுற்று முடிந்ததும் தெலூ பாரிராவைக் குளியலறைக்குப் பின்னால் வரச் சொன்னாள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். எது என்றாள் பாரிரா.

"என் மூக்க ஏமாத்தாத."

பாரிரா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். நேற்றுச் சாயங்காலம். சொட்டுச் சொட்டாகத்தான். எழுந்து நடந்தால் மட்டும். துணியை மூன்றாக மடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"சொன்னியா அவன்கிட்ட?"

"அத எப்படிக்கா சொல்றது?"

தெலூ அவளுக்கு எடுத்துச் சொன்னாள். கிழிசல் புதுசு. இன்றைக்கே குழாயைப் போட்டுப் பையைக் காலியாக வைத்திருந்தால் தானாக ஒட்டிக்கொள்ள வழி இருக்கிறது. பத்து நாள் விட்டால் ஓரம் தடித்துப்போகும். அப்புறம் கத்திதான். ஒவ்வொரு தடவை அறுக்கும்போதும் தைக்கச் சதை குறையும். தலாத்துவைப் பார், என்றாள். தலாத்துவுக்கு முதல் தடவை ஓட்டை இத்தனூண்டுதான் இருந்தது.

பாரிரா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, விழா முடியட்டும் என்றாள். அவரோடு வண்டியில் ஏறிவிட்டால் போதும்.

ஏறினபிறகு என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, ஏறினபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"மூணு வருஷம் குதிருக்குப் பின்னாடி கிடந்தேன்க்கா. சட்டியக் குச்சியால தள்ளி வெச்சிட்டுப் போவாங்க. எங்கம்மா கூட. நேத்து அவரு என் கையால கூழ் வாங்கிக் குடிச்சாரு. மூக்கப் பிடிக்கல." அவள் குரல் இறங்கியது. "ஒழுகுதுன்னு தெரிஞ்சா இப்பவே எந்திரிச்சுப் போயிருவாரு. சொல்லாதீங்க. உங்க கால்ல விழறேன்."

விழவும் குனிந்தாள். தெலூ பின்னால் நகர்ந்தாள். மூத்திரத்தின் வாடைக்கு அவள் என்றைக்கும் முகம் சுளித்ததில்லை. அந்தக் கூழ்ச் சட்டியை நினைத்தபோதுதான் குமட்டியது. கிழித்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து, அவள் நீட்டியதை வாங்கிக் குடித்திருக்கிறான். அதற்கு இவள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

லவாலி ஆடுகளின் கொம்பில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார். தெலூ சொன்னதைக் கேட்டு ரிப்பனைக் கீழே வைத்தார். டாக்டரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். டாக்டர் விருந்தாளிகளோடு இருந்தார், இன்னும் இல்லை.

சொல்லாதே, என்றார். மதியம்வரை. அவர் பேச்சில் சூடு இல்லை, கணக்குத்தான் இருந்தது. வந்திருக்கிறவர்கள் முன்னால் படத்துக்கு நிற்கிற பெண்ணே ஒழுகினால் அடுத்த வருடத்துப் பணத்துக்குக் கையெழுத்து விழாது. அடுத்த வருடம் நாற்பது ஆபரேஷன். தலாத்து பெயர் அதில் இருக்கிறது. ஒருத்திக்காக நாற்பது பேரையா? இவள் புருஷனோடு போகட்டும், மூன்று மாதம் கழித்து டாக்டர் மறுபடி வரும்போது தானே போய்க் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். மூன்று மாதம் என்று அவர் சொன்ன தோரணையில் அது நாளை மறுநாள் என்பது போல இருந்தது.

மூன்றாவது வரியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள்.

லவாலி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மாமனார் உக்காந்திருக்காரு தெலூ. நீதான் பக்கத்துல நின்ன. நீ சொல்லிருப்பியா?"

ஆடு ஒன்று புழுக்கை போட்டது. அவர் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு ரிப்பனை எடுத்தார்.

பத்து மணிக்குப் பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆறு பெண்கள், ஒரே மாதிரி கருநீலத் துணியில். எதிரே விருந்தாளிகள். டாக்டர் ஓரத்தில். பக்கவாட்டில் புருஷன் ஒருத்தன், அப்பன்மார்கள் ஐந்தாறு பேர். சனூசி முதல் ஆளாக உட்கார்ந்து கோலா மென்றுகொண்டிருந்தான். பல் சிவந்திருந்தது. ஆட்களைத் தாண்டி அவன் பார்வை ஆடுகள் கட்டியிருந்த பக்கம் போய்ப் போய் வந்தது.

தலைநகரத்து அம்மாள் பேசினார். உயரமானவர், நல்ல குரல். லவாலி மொழிபெயர்த்தார். உங்கள் கண்ணியம் திரும்பக் கிடைத்திருக்கிறது என்றார். கை தட்டினார்கள். பாரிராவின் உதடு வெடித்திருந்தது. நேற்று மாலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெலூவுக்கு அந்த உட்காரலைத் தெரியும். எல்லா நனைந்தவர்களும் அப்படித்தான் உட்காருவார்கள்.

பெயரைக் கூப்பிட்டதும் பாரிரா எழுந்து முன்னால் போனாள். கருநீலத்தில் ஈரம் தெரியவில்லை. நாற்காலியில் தெரிந்தது. குழிந்த இடத்தில் ஒரு கை அளவு, மஞ்சளாக. ஈ ஒன்று வந்து ஓரத்தில் உட்கார்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரி பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். படமெடுக்கிறவன் இடம் பார்த்துப் பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்தான். இன்னும் இரண்டு அடி வைத்தால் நாற்காலி அவன் காலடியில்.

தெலூ போய் அதில் உட்கார்ந்தாள்.

யோசித்துச் செய்யவில்லை. ஈரம் துணியைத் தாண்டித் தோலுக்கு வந்தது. வெதுவெதுப்பாக. நான்கு வருடத்தில் அவள் உடம்பு அந்தச் சூட்டை மறந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றையும் மறக்கவில்லை. தொடை இரண்டும் தாமாகவே இறுகிக்கொண்டன.

பந்தல் கை தட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். சனூசி எழுந்துபோய்ப் பெண்டாட்டி பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, குல்லாயைச் சரிசெய்துகொண்டு நின்றான். பாரிரா தலைகளுக்கு மேலாகத் தெலூவைத் தேடிப் பார்த்தாள். நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். சிரித்தாள். நிம்மதியான, நன்றியுள்ள சிரிப்பு. அவன் கூழை வாங்கிக் குடித்தபோது அவனைப் பார்த்தும் சிரித்திருப்பாளே, அதே சிரிப்பு.

அதைத்தான் தெலூவால் தாங்க முடியவில்லை. எழுந்தாள். பின்பக்கம் ஒட்டிய துணியைப் பிரித்துவிடக்கூட இல்லை. நேராகப் போய், படமெடுக்கிறவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் நுழைந்து, பாரிராவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டாக்டர், இவளுக்கு டியூப் போடணும். இப்பவே."

டாக்டர் பாரிராவைப் பார்த்தார். தெலூவின் துணியைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். எழுந்து வந்தார். பின்னால் தலைநகரத்து அம்மாள் ஏதோ கேட்பதும், வழக்கமான பரிசோதனைதான் என்று லவாலி சிரித்த முகத்தோடு சொல்வதும், அடுத்த பெயரைக் கூப்பிடுவதும் கேட்டது.

பாரிரா கையை உதறப் பார்த்தாள். வாசல்படிவரை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மேஜையில் ஏறியபின் உதறவில்லை. டாக்டர் குழாய் வழியாகப் பைக்குள் நீலத் தண்ணீரை ஏற்றினார்; ஓட்டை இருந்தால் உள்ளே வைத்த துணியில் நீலம் படியும். வெள்ளைத் துணிச்சுருளை வெளியே எடுத்தபோது ஓரத்தில் ஒரு நீலப் பொட்டு. பருப்பு அளவு. சின்னதுதான் என்றார். இருபத்தொரு நாள் குழாயோடு கிடக்கட்டும். அடைபடலாம், அடைபடாமலும் போகலாம்.

எப்படி ஆயிற்று என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழாயடியில் நின்று சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார்.

"பேப்பர்ல எழுதியிருக்கே," என்றார், சுவரைப் பார்த்து.

அவர் போனபின் தெலூ குவளையை நிரப்பி எடுத்து வந்தாள். பாரிரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழவில்லை.

"உங்களத் தேடி யாரும் வரல," என்றாள். "அதான்."

தெலூ குவளையை நீட்டியபடியே நின்றாள். கை வலித்தது. கடைசியில் பாரிரா திரும்பி அதை வாங்கினாள். தெலூவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு மடக்குகூட விடாமல், முழுவதையும் குடித்தாள். குவளையைத் தரையில் போட்டாள்.

விழா முடிந்து கோழியும் சோறும் பரிமாறும் சத்தம் கேட்டது. வேப்பமரத்தடியில் மூன்று பேரும் இருந்தார்கள். லவாலி, கதோ, சனூசி. சனூசி எரிச்சலாக இருந்தான். வண்டிக்காரன் எவ்வளவு நேரம் காத்திருப்பான், இவளுக்கு இன்னும் என்ன பரிசோதனை என்று லவாலியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். லவாலி தெலூவைக் கண்டதும், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கையைக் காட்டினார்.

தெலூ நிற்கவில்லை. ஆண்கள் உட்கார்ந்திருக்கிற பாயின் ஓரத்துக்கு வந்து நின்றாள். அவனை நேற்று வாங்க போங்க என்றுதான் பேசியிருந்தாள்.

"அவ இன்னைக்கு வரமாட்டா. உள்ள தைச்சிருந்தாங்க. ஆறு மாசத்துக்கு நீ அவகூடப் படுக்கக் கூடாது. நேத்து மத்தியானம் படுத்த. தையல் பிரிஞ்சிருச்சு. மறுபடி ஒழுகுது."

கதோ மூன்றாவது வாக்கியத்திலேயே எழுந்துவிட்டார். அங்கியின் நுனியை முகத்தில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், சுடுகிற மணலில் வாசலைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகு மறைகிறவரை லவாலி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் தெலூ," என்றார்.

"போதாது," என்றாள். "டியூப்போட இருபத்தொரு நாள் கிடப்பா. அடைஞ்சாலும் அடையும். அடையலேன்னா அறுக்கணும். அப்புறம் மறுபடி ஆறு மாசம். நான் சொல்றது புரியுதா? மாலம் உனக்குப் படிச்சுக் காட்டாத வரி இது."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். நாறின பொம்பளை என்பான். துப்புவான். ஆடுகளைப் பற்றிக் கேட்பான். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. பதின்மூன்று வருடத்துப் பதில்கள். அவன் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

சனூசியின் தாடை அசைவது நின்றுபோயிருந்தது. கன்னத்தில் கோலாக் கொட்டை புடைத்துக்கொண்டு நின்றது. குல்லாயைக் கழற்றி மடியில் வைத்தான். குல்லாய் இல்லாமல் பார்த்தால் சின்னப் பையன்தான், இருபத்தைந்து இருக்கலாம். மையத்துக் கட்டடத்தைப் பார்த்தான். லவாலியைப் பார்த்தான். பிறகு தெலூவைப் பார்த்துக் கேட்டான், மெதுவாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போல:

"உங்க எல்லாருக்கும் இது நேத்தே தெரியும்ல? அப்புறம் ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"